அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன், எனக்கு யாரிடம் போவது?

கொழிஞ்சாம்பாறை மகள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். வயது 46. வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். வீட்டுக்காரர் கோயம்புத்தூரில் ஒரு பவுண்டரியில் வேலை பார்க்கிறார், வாரத்தில் மூன்று நாள் நைட் ஷிப்ட். பெண் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். அப்பாவுக்கு 79 வயது. மறதி நோய் என்று டாக்டர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. அம்மா இல்லை. அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், மாதாமாதம் பணம் அனுப்பிவிடுவார்.

அப்பா மாட்டுத் தரகர். நாற்பது வருடம் பொள்ளாச்சி சந்தைக்குப் போனவர். செவ்வாயும் வியாழனும் விடியுமுன்னே கிளம்பி நடுப்புணி வழியாகப் போவார். இப்போது அவருக்கு எல்லா நாளும் சந்தை நாள்தான். ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக்கு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போவார். இரண்டு தடவை ரோட்டுக்கே போய்விட்டார். அதற்கப்புறம் வீட்டில் மிச்சமிருந்த மாட்டு மணி ஒன்றைக் கதவில் கட்டினேன். கதவு அசைந்தால் மணி அடிக்கும், நான் எழுந்துவிடுவேன். இப்போது மணி அடிக்காதபோதும் எனக்குக் கேட்கிறது. பகலில் மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது கேட்கிறது. கடைக்குப் போனால் அங்கேயும் கேட்கிறது. போன வாரம் ஒரே ஜாக்கெட்டுக்கு இரண்டு கையும் இடது கையாகவே வெட்டித் தைத்துவிட்டேன். இருபது வருடத்தில் அப்படி ஒரு தப்பு செய்ததில்லை.

இதை எழுதக் காரணம் வேறு. பத்து நாளைக்கு முன்னால் ஒரு ராத்திரி அப்பா என் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டார். சந்தையில் தரகர்கள் அப்படித்தான் விலை பேசுவார்கள். துண்டுக்குள்ளே விரலைப் பிடிப்பதுதான் கணக்கு, சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியக்கூடாது. என் விரலைப் பிடித்து அழுத்துகிறார், விடுகிறார், தலையாட்டுகிறார், மறுபடி பிடிக்கிறார். அரை மணி நேரம் கையை விடவே இல்லை. மறுநாள் காலையில் ஒரு கல்யாண ஆர்டர் கொடுக்க வேண்டும். "விடுங்கப்பா, விடுங்கப்பா" என்று சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அவர் மணிக்கட்டைத் திருகிக் கையை உருவிக்கொண்டு, அவரைக் கட்டிலில் தள்ளிவிட்டேன்.

காலையில் மணிக்கட்டில் என் கட்டைவிரல் அளவுக்கு நீலமாகக் கன்றிப்போயிருந்தது. அவரே வந்து அதை என்னிடம் காட்டினார். "யாரோ அடிச்சிட்டாங்க அம்மிணி, நீ பாத்தியா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கிணற்றுப் பக்கம் தண்ணீருக்குப் போனால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறேன். ஏன் நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அப்பாவுக்காக நான்கு தடவை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன். ஒரு தடவை துணிந்து டாக்டரிடம், "சார், எனக்கும் முடியவில்லை" என்றேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல விருப்பமில்லை. பின்னால் வரிசை நீளமாக இருந்தது. "ஒக்கே செரியாகும்" (எல்லாம் சரியாகிவிடும்) என்றார், அப்பாவின் மாத்திரையை ஒரு மாதத்துக்கு நீட்டி எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான். எனக்கு மலையாளம் நன்றாகவே தெரியும். ரேஷன் கடை, பஞ்சாயத்து ஆபீஸ், பேங்க் எல்லாம் மலையாளத்தில்தான் ஓடுகிறது. ஆனால் இந்த விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் மலையாளம் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அழுகை தமிழில்தான் வருகிறது.

கோயம்புத்தூர் போகலாம் என்றால் அப்பாவை யாரிடம் விடுவது? அப்பாவுக்கு வியாதி, எனக்கு என்ன வியாதி என்று சொல்லிப் போவது? கையைத் திருகினதைச் சொன்னால் போலீஸ், கேஸ் என்று ஏதாவது ஆகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

*

செங்கோட்டை அக்கா எழுதியது:

தங்கச்சி, மற்றது எல்லாம் அப்புறம். முதலில் ஒன்று கேட்கிறேன், நேராகவே கேட்கிறேன். கிணற்றங்கரையில் நிற்கும்போது செத்துப்போகலாம் என்று மனசில் வருகிறதா? வருகிறது என்றால் இன்றைக்கு ராத்திரியே வீட்டுக்காரரை ஷிப்டுக்கு அனுப்பாதீர்கள். "ஏன்" என்று கேட்டால் "கிணறு" என்று மட்டும் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

இப்போதே 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்று பெயர், மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். நீங்கள் கேரளத்தில் இருந்தாலும் தமிழில் பேசலாம். எடுத்ததும் எந்த மொழி என்று கேட்கும், தமிழைத் தேர்ந்தெடுங்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் நான் பேசியிருக்கிறேன். என் மகனுக்கு மனச்சிதைவு. அவனுக்காகத்தான் போன் போட்டேன். எடுத்த பெண் பத்து நிமிஷம் அவனைப் பற்றிக் கேட்டுவிட்டு, "நீங்க கடைசியா எப்பம்மா முழுசாத் தூங்கினீங்க?" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் போனை வைக்காமல் காத்திருந்தாள்.

பேசிவிட்டு இங்கே வந்து ஒரு வார்த்தை போடுங்கள். பார்த்துக்கொண்டே இருப்பேன்.

*

ஓய்வுபெற்ற சிஸ்டர், வேலந்தாவளம் எழுதியது:

நான் தீராத நோய்க்காரர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸாகப் பல வருடம் வேலை செய்தவள், உங்கள் பக்கத்து ஊர்க்காரி. மேலே அக்கா சொன்னதை முதலில் செய்யுங்கள். மீதியை நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதல் விஷயம் அப்பாவுடையது, ஆனால் அதில்தான் உங்கள் தூக்கமும் இருக்கிறது. இந்த ராத்திரித் தொந்தரவு திடீரென்று அதிகமானதா, மெதுவாக ஏறினதா? ஒன்றிரண்டு வாரத்தில் சட்டென்று கூடியிருந்தால் மறதி நோய் முற்றிவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். சிறுநீரில் தொற்று, மலச்சிக்கல், தண்ணீர் குறைவாகக் குடிப்பது, சொல்லத் தெரியாத ஒரு பல்வலி, புதிதாகச் சேர்த்த ஒரு மாத்திரை என இதில் எது இருந்தாலும் வயசானவர்களுக்கு மூளை ராத்திரியில் குழம்பிவிடும். ஒரு யூரின் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். எத்தனையோ வீட்டில் "அப்பா ஒரேயடியாப் போயிட்டார் சிஸ்டர்" என்பார்கள், பார்த்தால் நான்கு நாளாக வயிறு போயிருக்காது. தூங்க வைக்கிறேன் என்று மருந்துக் கடையில் சொந்தமாக மாத்திரை வாங்கிக் கொடுக்கவே கூடாது. எழுந்து நடக்கும் ஆள் தூக்கக் கலக்கத்தில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் அப்புறம் கதையே வேறு.

இரண்டாவது, அந்தத் துண்டு. அதைப் படித்துவிட்டு நான் ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவர் உங்களைத் தொந்தரவு செய்யவில்லை தங்கச்சி, வேலை செய்கிறார். வேலை முடிந்தால் கையை விடுவார். சந்தையில் வியாபாரம் எப்படி முடியும்? விலை படிந்தால் "சரி" என்று சொல்வார்கள், அட்வான்ஸ் கைமாறும். நீங்களும் இரண்டு மூன்று தடவை விரலை அழுத்திவிட்டு, "சரிங்க, முடிச்சுக்கலாம், மாட்டை ஓட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி, ஒரு பத்து ரூபாய்த் தாளை அவர் கையில் வைத்துப் பாருங்கள். இது அவரை ஏமாற்றுவது ஆகாது. "சந்தை இல்லைப்பா, நீங்க ரிடையர் ஆயிட்டீங்க" என்று நடுராத்திரியில் வாதாடுவதுதான் அவருக்குப் பயத்தைக் கிளப்பும். ஒவ்வொரு நாளும் பலிக்காது. பலிக்கிற நாளில் அரை மணி நேரம் ஐந்து நிமிஷமாகும். பகலிலேயே, மூன்று மணி நான்கு மணி வாக்கில், அவர் கையில் துண்டைக் கொடுத்து நீங்களே வியாபாரத்தை ஆரம்பித்தும் பார்க்கலாம். சாயங்காலம் லைட்டைச் சீக்கிரம் போட்டுவிடுங்கள். பொழுது சாயும் நேரத்தில் நிழலைப் பார்த்து இவர்கள் மிரளுவது உண்டு.

இனி நீங்கள். உங்கள் கேள்வியில் ஒரு வரி இருக்கிறது, "எனக்கு என்ன வியாதி என்று சொல்லிப் போவது?" நான்கு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், நான்கு தடவையும் ஓ.பி. சீட்டில் யார் பெயர்? அப்பா பெயர். அந்தச் சீட்டுக்குக் கிடைக்கும் நிமிஷமெல்லாம் அப்பாவுடையது. நல்ல டாக்டராக இருந்தாலும் அவர் அப்பாவைத்தான் பார்ப்பார். அடுத்த தடவை உங்கள் பெயரில், உங்கள் வயதைப் போட்டு, ஒரு சீட்டு எடுங்கள். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, இல்லாத சத்தம் கேட்கிறது, கைத்தொழில் தப்பாகிறது, கிணற்றங்கரையில் நிற்கிறேன் என்று நீங்கள் இங்கே எழுதின வரிசையிலேயே சொல்லுங்கள். மலையாளம் வரவில்லை என்றால் தமிழில் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பாலக்காட்டில், அதுவும் நம் சித்தூர்ப் பக்கத்தில், தமிழ் தெரிந்த ஒருவராவது இல்லாத ஆஸ்பத்திரியை நான் பார்த்ததில்லை. சிஸ்டரோ அட்டெண்டரோ படித்துச் சொல்வார்கள்.

தூரமாகப் போகவேண்டியதில்லை. கேரளத்தில் குடும்பாரோக்கிய கேந்திரங்களில் மனச்சோர்வுக்கு என்றே "ஆஸ்வாசம்" என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதற்கு மேலே வேண்டும் என்றால் மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர்கள் சுற்றுப்புற ஆஸ்பத்திரிகளுக்கு முறை வைத்து வருகிறார்கள். எந்தக் கிழமை எங்கே என்று உங்கள் வார்டு ஆஷா ஒர்க்கரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். 1056 என்று, போனிலேயே ஆலோசனை சொல்லும் கேரள அரசின் திசா நம்பரும் உண்டு. ஆஸ்வாசத்தில் ஒன்பது கேள்விகள் கேட்பார்கள், கடந்த இரண்டு வாரமாகத் தூக்கம் எப்படி, பசி எப்படி, உயிர் வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று. உலகம் முழுக்கக் கேட்கும் கேள்விகள்தான் அவை. கடைசிக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களின் பாரத்தை அளக்க என்றே 22 கேள்விகள் கொண்ட இன்னொரு தாளும் இருக்கிறது, சாரிட் என்று பெயர். உங்கள் நிலைமைக்குத் தனியாக ஒரு அளவுகோலே உண்டாக்கி வைத்திருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

போலீஸ் பயம் வேண்டாம். மனசு சம்பந்தமாக நீங்கள் சொல்வதை ரகசியமாக வைக்கவேண்டும் என்று 2017-ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. யாருக்காவது ஆபத்து, கோர்ட் உத்தரவு என்பது போலச் சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. கையைத் திருகினதை நீங்களே முன்வந்து சொல்வது உதவி கேட்பதுதான். ஆனால் இன்னொரு தடவை ஆகக்கூடாது, அதற்காகத்தான் சொல்லவேண்டும். கோபம் கைக்கு வருகிறது என்று தெரிந்தால் அவரை உட்கார வைத்துவிட்டு, வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு திண்ணையில் ஐந்து நிமிஷம் உட்காருங்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் வீடு ஒன்றும் ஆகாது.

இன்னொன்று. பஞ்சாயத்தில் பாலியேட்டிவ் பதிவு செய்தீர்களா? அது கேன்சர்காரர்களுக்கு மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. 2008-லேயே கேரளம் இதற்கென்று கொள்கை போட்டுவிட்டது. எங்களைப் போன்ற நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்ப்பாள். மறதி நோய்க்கென்றே இருக்கும் ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. அமைப்பு 1992-ல் ஆரம்பித்ததும் நம் திருச்சூர்ப் பக்கம் குன்னங்குளத்தில்தான். பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை அவர்கள் ஒரு வேலையாகவே செய்கிறார்கள்.

அண்ணனைப் பற்றி நீங்கள் ஒரு குறையும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. ஆனால் பணம் அனுப்பினால் ராத்திரி கண்விழித்த கணக்கு தீராது. மாதத்தில் இரண்டு ராத்திரி அவர் வந்து படுக்கவேண்டும். "முடிந்தால் வாங்கண்ணா" என்று சொன்னால் வரமாட்டார். இரண்டாவது சனி, நான்காவது சனி என்று கிழமையைச் சொல்லுங்கள்.

*

குமுளிக்காரர் எழுதியது:

என் மனைவிக்கு இருமுனை மனநோய், பதினோரு வருடம். ஆம்பளை நான், எனக்கென்ன என்றுதான் நானும் இருந்தேன். சிஸ்டர் சொன்ன அந்த ஓ.பி. சீட்டு விஷயத்தை எனக்கு வேலூரில் சொன்னார்கள். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டார் ஒருவரும் கூடவே தங்கவேண்டும், அது அங்கே பழைய வழக்கம். அவளுக்கு வைத்தியம் நடக்கும்போது என்னையும் தனியாக உட்கார வைத்துப் பேசினார்கள். அதுவரைக்கும் என்னிடம் யாரும் "அவங்க மருந்து சாப்பிட்டாங்களா" என்பதைத் தவிர வேறு கேள்வி கேட்டதே இல்லை.

அங்கே சமையல் கட்டில் பக்கத்து அறைக்காரர் ஒருவர், ஆந்திரா சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர், தம்பிக்காக வந்திருந்தார். எனக்குத் தெலுங்கு வராது, அவருக்குத் தமிழ் அரைகுறை. தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் டீ போட்டுக் குடிப்போம், ஒன்றும் பேசமாட்டோம். எனக்குப் பெரிய மருந்து அதுதான். இப்போதும் மாதத்துக்கு ஒருமுறை போன் பண்ணுவார்.

உங்களைப் போன்ற இன்னொருவரைக் கண்டுபிடியுங்கள் அம்மா. சென்னையில் சாரதா மேனன் அம்மா 1984-ல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஆரம்பித்த ஸ்கார்ஃப் போன்ற இடத்தில் குடும்பத்தாரைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக முடியாது. ஆனால் கொழிஞ்சாம்பாறையில் உங்கள் அப்பா மாதிரி இன்னொரு வீட்டில் ஒருவர் கட்டாயம் இருப்பார். ஆஷாக்காரிக்கு எந்த வீடு என்று தெரியும். பெயரைச் சொல்லமாட்டார், ஆனால் அந்த வீட்டில் கேட்டுவிட்டு உங்களிடம் சொல்வார். முயற்சி பண்ணிப் பாருங்கள்.

*

கொழிஞ்சாம்பாறை மகள் மறுபடி எழுதியது, மூன்று வாரம் கழித்து:

தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். அக்கா, நீங்கள் கேட்டதற்கு நேரான பதில்: ஆமாம், வந்தது. அன்று ராத்திரியே 14416-க்குப் பேசினேன். தமிழில்தான். பேசின பெண்ணும் நீங்கள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள். சொன்னேன். சொன்ன பிறகு காலையில் வீட்டுக்காரரிடம் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. மத்தியானம் வெல்டிங்காரரோடு வந்து கிணற்றுக்கு இரும்புக் கம்பி மூடி போட்டார். இரண்டு மாதத்துக்கு நைட் ஷிப்ட் வேண்டாம் என்று கேட்டு வாங்கிவிட்டார்.

என் பெயரில் சீட்டு எடுத்தேன். கவுண்டரில் இருந்தவர், "ஆர்க்கா சுகமில்லாத்தது?" (யாருக்கு உடம்பு சரியில்லை) என்று கேட்டார். பழக்கத்தில் "அச்சனு" (அப்பாவுக்கு) என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. "எனிக்கு" என்றேன். தாளில் எழுதிக் கொண்டு போனதால் பிழைத்தேன். பார்மசியில் இருந்த ஒரு பெண் வந்து டாக்டருக்குப் படித்துச் சொன்னார். "துண்டு" என்ற இடம் வந்ததும் அவரும் நிறுத்திவிட்டார். மனச்சோர்வு என்றார் டாக்டர். தினமும் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார், பலன் தெரிய இரண்டு மூன்று வாரமாவது ஆகும், நடுவில் நிறுத்தாதீர்கள் என்றார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச்சொல்லியிருக்கிறார்.

சிஸ்டர், அப்பாவுக்கு யூரினில் தொற்று இருந்தது. மருந்து முடிந்த பிறகு வாரத்தில் ஐந்து ராத்திரி இருந்தது இப்போது இரண்டு, மூன்று ராத்திரியாகக் குறைந்திருக்கிறது. பத்து ரூபாய்த் தாள் சில நாள் பலிக்கிறது. ஒரு நாள் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அட்வான்ஸ் பத்தாதுங்க" என்றார். ஐம்பது கொடுத்தேன். வாங்கிக்கொண்டு படுத்துவிட்டார். காலையில் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து மறுபடி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

மணிக்கட்டு நீலம் போய்விட்டது. நான் இன்னும் குளிக்க வைக்கும்போது அந்த இடத்தைப் பார்க்கிறேன்.

அண்ணன் போன சனிக்கிழமை வந்தார். நான் உள் அறையில் படுத்தேன். ஆனால் மணி சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது, நான்கு தடவை எழுந்து வந்து பார்த்தேன். அண்ணன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார், அப்பாவும்தான். ஒரு சந்தேகம் சிஸ்டர். இந்த மாத்திரையில் நான் அசந்து தூங்கிவிட்டால் நிஜமாக மணி அடிப்பது எனக்குக் கேட்காமல் போய்விடுமோ?

*

ஓய்வுபெற்ற சிஸ்டர், வேலந்தாவளம் எழுதியது:

டாக்டரிடம் அடுத்த தடவை இதே வார்த்தையில் கேளுங்கள், தங்கச்சி. நான்காவது சனிக்கிழமை அந்த மணியைக் கதவிலிருந்து அவிழ்த்து, ஒரு கயிறு கட்டி, அண்ணன் படுக்கும் கட்டில் காலில் மாட்டிவிடுங்கள். அன்றைக்கு அது அவருக்குக் கேட்டால் போதும்.